வண்டி சரியாகும் வரை

மார்ச் 20, புதன்

கிளம்பியது 12.10. நின்றது 12.47, தென்னிலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால். மறுபடி ஓடியது 1.16. ஏ.சி. போடவில்லை. நல்ல வெயில்.

இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக் சிராஜ் அண்ணன். "டாக்டருக்குக் காய்ச்சக் கணக்கு எழுதிக் குடுக்கறாப்புல எழுதிக் குடுங்க தங்கச்சி. என்ற கடைக்கு வந்தா இது நல்ல புள்ளையாட்டம் ஓடுது" என்றார். ரம்ஜான் நோன்பு நடக்கிறது. விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான் அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மத்தியானத்தில் நாற்பது கிலோமீட்டர் போய்வர யாராலும் முடியாது. வண்டியோ மத்தியானத்தில் மட்டும்தான் நிற்கிறது. அதனால் மத்தியான ஓட்டம் என் பொறுப்பு. வெள்ளகோயிலிலிருந்து தென்னிலை, அங்கிருந்து திரும்பி வீடு. இந்த நோட்டில் குறித்துக்கொண்டு, துண்டுச் சீட்டில் எடுத்து எழுதி அவரிடம் தர வேண்டும்.

நானும் வண்டியும் கரூரிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதினான்கு மாதம் முன்பு என் கல்யாணத்துக்கு அப்பா சீராகக் கொடுத்த கார். அப்பா சூப்பர்வைசராக இருக்கும் எண்ணெய் மில்லின் முதலாளி வைத்திருந்தது. அப்பா அதை வாங்கி, பாலிஷ் போட்டு, சீட் உறை மாற்றி, என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். இந்த வருடம் வெயில் ஏறியதும் நிற்க ஆரம்பித்தது. மூன்றாவது தடவை நின்றபோது உள்ளே அத்தை இருந்தார். என் மாமியார். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழி. க.பரமத்தி தாண்டி, பட்டுச் சேலையோடு முக்கால் மணி நேரம் ரோட்டில் நின்றார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னார்: "உங்கப்பன் குடுத்த வண்டி. நீயே ஓட்டிட்டுப் போயி, சரி பண்ணிக்கிட்டு வா."

என் கணவர் தினகரன் என் பையைக் கொண்டுவந்து பின் சீட்டில் வைத்தார். பை ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது.

மார்ச் 21, வியாழன்

கிளம்பியது 12.05. நின்றது 12.44. ஓடியது 1.10. பெட்ரோல் பில்டர் மாற்றிய பிறகும் இப்படி.

மார்ச் 22, வெள்ளி

சீட்டுகளைக் கொடுக்க வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அப்பாவும் வந்தார். சிராஜ் அண்ணன் ஸ்கேனர் கருவியை வண்டியில் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது ஒண்ணுமே காட்டல சென்னியப்பண்ணா. வண்டிக்கு நோவே இல்லைங்குது."

"அப்பறம் எதுக்குடா நிக்குது?"

"அதத்தான் நானும் அதுங்கிட்டக் கேட்டுட்டிருக்கறேன். பதில் சொல்லமாட்டீங்குது."

"நான் குடுத்த வண்டி சிராஜு. ஆயிரம் பேர் பாக்கக் குடுத்தது." அப்பா பானெட்டைத் துண்டால் துடைத்தார். அழுக்கே இல்லை. "சித்திரை பொறந்ததும் நல்ல நாள் பாத்துப் புள்ளைய வண்டியோட கொண்டு போயி விடோணும். பஸ்ஸுல அனுப்பிச்சா நாம குடுத்தது ஓட்டைன்னு நாமளே ஒத்துக்கிட்டாப்புல ஆயிரும்."

"ரெடி பண்ணிர்லாம்ண்ணா." சிராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏந்தங்கச்சி, இந்த வேகாத வெயில்ல முழுக்கை ஜாக்கெட்டா? எனக்குப் பாக்கறதுக்கே நாக்கு வறண்டு போகுது."

துணி நன்றாக இருந்தது, அதனால் தைத்தேன் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

கிளம்பியது 12.15. நின்றது 12.50. ஓடியது 1.20.

வண்டி நிற்கும் இடத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே தூரத்தில் நிற்பதால் இப்போது முன்கூட்டியே ஓரம் கட்டி மரத்தடிக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். அங்கே அரை மணி நேரம் படிக்க முடிகிறது. நூலகத்திலிருந்து எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு நாவல், பனி கொட்டும் தேசத்துக் கதை. முகத்தில் வேர்வை ஓட ஓட, அதில் ஒருவன் குளிரில் விரல் மரத்துச் சாவதைப் படித்தேன்.

கரூரில் என் புத்தகங்கள் ஒரு நாள் பழைய பேப்பர்காரரின் தராசில் இருந்தன. எடை போட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினொன்றரைக் கிலோ.

மாலை தினகரன் போன் செய்தார்.

"வண்டி என்னாச்சு?"

"பாத்துட்டிருக்காங்க."

"சீக்கிரம் பாக்கச் சொல்லு. அம்மா கேட்டுட்டே இருக்கறாங்க."

ஐம்பத்திரண்டு வினாடி. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளையா? நல்லாப் பேசுனாரா?" என்றாள். நன்றாகத்தான் பேசினார் என்றேன்.

மார்ச் 27, புதன்

பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று. கிளம்பியது 12.05. நின்றது 12.43. ஓடியது 1.12.

வரலாறு எம்.ஏ. படித்தபோது எங்களுக்கு ஒரு பேராசிரியை இருந்தார். ஒரு சம்பவத்துக்குக் காரணம் சொல்லுமுன், அது நடக்காத நாட்களையும் பார் என்பார். இந்த நோட்டில் நின்ற நாட்கள் மட்டும்தான் இருக்கின்றன. காலையில் சிராஜ் அண்ணன் ஓட்டும்போது ஏன் நிற்பதில்லை? பம்ப்போ பில்டரோ என்றால் குளிரிலும் தடுமாற வேண்டாமா? சூடு ஏறினால் எது செயலிழக்கும், சூடு இறங்கினால் எது எதுவும் நடக்காதது போல் வேலை செய்யும்?

மார்ச் 29, வெள்ளி

கிளம்பியது 12.10. நின்றது 12.48.

இன்று நிற்கும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஆனால் வண்டி அப்போது நாலாவது கியரில், இன்னும் உருண்டுகொண்டிருந்தது. சக்கரம் உருண்டால் என்ஜினும் சுற்றத்தானே வேண்டும். முள் சுற்றவில்லை என்கிறது. இரண்டில் ஒரு சான்று பொய்.

மரத்தடியில் சாவியை மெல்லத் திருப்பினேன். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு வினாடி முனகியது. பெட்ரோல் வருகிறது. முழுதும் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, முள் அசையவே இல்லை. அரை மணி கழித்து அதே சாவி, அதே திருப்பல். முள் சிறிது துள்ளியது, என்ஜின் பிடித்தது.

வீட்டுக்கு வந்து இந்த வண்டியின் பழுதுநீக்கும் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். முந்நூறு பக்கம். சாப்பிட மறந்துவிட்டேன் என்று அம்மா திட்டினாள். என்ஜின் சுற்றுகிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் பின்னால், கீழே, கட்டைவிரல் பருமன். பழசானால் சூட்டில் ஊமையாகிவிடும். அது பேசாவிட்டால் என்ஜின் நின்றுவிட்டதாகக் கம்ப்யூட்டர் முடிவு செய்து, தீப்பொறியையும் பெட்ரோலையும் நிறுத்திவிடும். ஆறியதும் சென்சார் மறுபடி பேசும்.

மார்ச் 30, சனி

கிளம்பியது 12.05. நின்றது 12.42. ஓடியது 12.46.

நான்கு நிமிடம். ஐஸ் போட்ட தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துப் போயிருந்தேன். பானெட்டைத் தூக்கி, சென்சார் மேல் மட்டும் படும்படி மெதுவாக ஊற்றினேன். சுர்ரென்று ஆவி வந்தது. சாவியைத் திருப்பினேன். முள் துள்ளியது.

இனி எழுத வேண்டிய சீட்டு ஒன்றுதான்: 'சென்சார்.'

மார்ச் 31, ஞாயிறு

ஓட்டம் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். துணி துவைத்தேன். அம்மா ஜோசியரிடம் போய்வந்தாள். சித்திரை இரண்டு, திங்கட்கிழமை, நல்ல நாளாம்.

ஏப்ரல் 1, திங்கள்

சிராஜ் அண்ணனிடம் கொடுத்த சனிக்கிழமைச் சீட்டு: கிளம்பியது 12.05. நின்றது 12.42. ஓடியது 1.11.

ஏப்ரல் 3, புதன்

கிளம்பியது 12.10. நின்றது 12.49. தண்ணீர் ஊற்றவில்லை. மரத்தடியில் நாவலை முடித்தேன்.

இக்னிஷன் காயிலாக இருக்கும் என்கிறார் சிராஜ் அண்ணன். ஈரோட்டில் சொல்லிவைத்திருக்கிறார். நோன்புக் களைப்போடு, கண் குழி விழுந்து, வண்டிக்கு அடியில் படுத்தபடி, "பதினெட்டு வருசமா இந்த வேலை பாக்கறேன், இப்படி ஒரு வண்டி என்ற மானத்த வாங்குனதில்ல" என்றார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

வேறு எதுவும் செய்யவில்லை.

கல்யாணமான நாலாம் மாதம் அம்மாவிடம் ஒரு தடவை கரூர் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன். "எந்த ஊட்டுலதான் இல்ல? அனுசரிச்சுப் போ" என்றாள். அன்று அவள் வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள், கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

இன்று நான் ஓட்டவில்லை. தலைவலி என்று படுத்திருந்தேன். என்னிடம் சொல்லாமல் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு காங்கேயம் ரோட்டில் போயிருக்கிறார். தானே ஒரு சீட்டு எழுத நினைத்தாராம்.

மூன்று மணிக்கு யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். சட்டை முழுக்க மண். வளைவில் ஒரு பஸ்ஸை முந்தும்போது வண்டி நின்றுவிட்டது. பின்னால் தேங்காய் ஏற்றிய லாரி. லாரிக்காரர் மண் ரோட்டில் இறக்கி ஒடித்ததால், வலதுபக்கக் கதவு நசுங்கியதோடு போயிற்று. அப்பா அந்தக் கதவு வழியாக இறங்க முடியாமல், இடதுபக்கம் தவழ்ந்து வெளியே விழுந்திருக்கிறார்.

அம்மா தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் அவர் பல்லில் தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது.

"காயமொண்ணும் இல்ல கண்ணு" என்றார் என்னிடம். "வண்டிக்குத்தான் கதவு போச்சு. அவங்க ஊட்டுல கேட்டா என்ன சொல்றது?"

ஆறு நாளாக எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 6, சனி

காலை ஏழு மணிக்கு வொர்க்‌ஷாப். அப்பாவும் சிராஜ் அண்ணனும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள், பம்ப் சத்தம், ஐஸ் தண்ணீர், நான்கு நிமிடம், எல்லாவற்றையும் சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன்.

சிராஜ் அண்ணன் முதலில் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னை.

"நோன்பாளிய ஏமாத்திட்டீங்களே தங்கச்சி! காயிலுக்குச் சொல்லிவெச்சு, ஒரு வாரமா மல்லாக்கப் படுத்திருக்கறேன். நீங்க வந்து பேனைத் திருப்பி வெச்சீங்க!"

"மன்னிச்சுக்குங்கண்ணா."

"மன்னிப்பெல்லாம் கெடக்கட்டும். என்ற பேரக் கெடுக்கோணும்ன்னு பண்ணல, தெரியுது. எதுக்குப் பண்ணுனீங்க?"

நான் ஜாக்கெட் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் அப்பாவைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டார், டீக்கடைப் பக்கம் போய்விட்டார். நோன்பு வைத்திருப்பவருக்கு டீக்கடையில் என்ன வேலை?

வீட்டு வாசலில் அப்பா, "லாரி இன்னும் ஒரு அடி தள்ளி வந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போனார்.

ஏப்ரல் 8, திங்கள்

ஈரோட்டிலிருந்து சென்சார் வந்தது. நானே மாட்டுகிறேன் என்றேன். சிராஜ் அண்ணன் பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்கு டிங்கர் வேலை பார்ப்பவரோடு பேசப் போனார். அப்பா டார்ச் பிடித்தார்.

ஒரே ஒரு போல்ட். ஆனால் இடம் குறுகல். ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் முழங்கைவரை உள்ளே விட வேண்டும். முழுக்கை ஜாக்கெட்டோடு கை போகவில்லை. ஒரு தடவை துணி மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவையும். கையை எடுத்து, ஜாக்கெட்டைத் தோள்வரை சுருட்டிவிட்டேன்.

இடது முழங்கைக்கு மேலே ஒரு முக்கோணம் இருக்கிறது, இஸ்திரிப் பெட்டியின் முனை அளவு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் பழையது. அவற்றைப் பற்றி இந்த நோட்டில் எழுத எனக்கு விருப்பமில்லை.

டார்ச் வெளிச்சம் போல்ட்டிலிருந்து நகர்ந்து என் கைமேல் நின்றது.

"அப்பா, கீழ காட்டுங்க."

வெளிச்சம் நகரவில்லை.

"ஒண்ணு இல்ல. ரெண்டு" என்றார், தனக்குத்தானே எண்ணிக்கொள்வதைப் போல.

"அப்பா. போல்ட் தெரியல."

வெளிச்சம் கீழே போனது. பழைய சென்சாரை உருவினேன். புதியதைச் சொருகி, போல்ட்டை இறுக்கி, கனெக்டரை மாட்டினேன். கிளிக் என்று சத்தம் கேட்டது. ஜாக்கெட் கையை இறக்கிவிட்டேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

கிளம்பியது 12.00. தென்னிலை தாண்டி க.பரமத்திவரை போய்த் திரும்பினேன். வீடு 1.35. நிற்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

கிளம்பியது 12.05. ஏ.சி. முழுதாகப் போட்டு ஓட்டினேன். நிற்கவில்லை.

அம்மா கரூருக்குப் போன் செய்து வண்டி ரெடி என்று சொல்லிவிட்டாள். முறுக்குச் சுடுகிறாள். எனக்கு இரண்டு சேலை எடுத்து வைத்திருக்கிறாள். அப்பா மில்லிலிருந்து வந்து, முறுக்கு வாசனை வரும் பக்கம் போகாமல், வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 12, வெள்ளி

நேற்று ரம்ஜான். சிராஜ் அண்ணன் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சட்டி மூடிமேல் ஒரு சீட்டு: 'கிளம்பியது 11.30. நிற்கவில்லை.' சிரித்தேன்.

இன்று காலை ஷேவ் செய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி அப்பா கேட்டார்.

"உன்ற சர்ட்டிபிகேட்டெல்லாம் எங்க இருக்குது?"

"கரூர்ல."

"எந்த எடத்துல?"

"மாடி ரூம் பீரோவுல. கீழ்த் தட்டு. நீல பைல்."

"சாவி?"

"எங்கிட்ட இருக்குது."

"ம்" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்துக்குச் சோப்புப் போட்டார்.

ஏப்ரல் 15, திங்கள். சித்திரை 2

கிளம்பியது 12.05. காலையிலேயே போகச் சொன்னாள் அம்மா. "மத்தியானம் போலாம், வெயில்ல ஓடட்டும்" என்றார் அப்பா. நான் ஓட்டினேன். அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முறுக்குத் தூக்குப்போசி அப்பா மடியில் இருந்தது.

கரூர் வீடு 1.02. என்ஜினை அணைத்தேன். கையேட்டில் ஒரு வரி இருக்கிறது: ஓடும்போதைவிட, அணைத்த பிறகுதான் என்ஜினைச் சுற்றிச் சூடு இன்னும் ஏறும், பத்து, இருபது நிமிடம்வரை. இந்த மாதம் முழுக்க ஓடவிட்டுத்தான் சோதித்தேன். நன்றாகச் சூடான வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பிப் பார்க்கவே இல்லை. அது வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது.

அத்தை வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "கதவுக்குப் பெயின்ட் அடிச்சாப்புல இருக்குது?"

"ஆமாங்க, அடிச்சோம்" என்றார் அப்பா.

"நிக்காம வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

நான் மாடிக்குப் போனேன். நீல பைல். இரண்டு செட் துணி. விற்காமல் தப்பிய ஆறு புத்தகங்கள். என் நகை டப்பா. எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் அடங்கிவிட்டன. கீழே இறங்கும்போது தினகரன் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்தார்.

"பெட்டி எங்க போகுது?"

அப்பா என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எங்கூட வருதுங்க. புள்ளையும் வருது."

"சம்பந்தி, என்ன பேச்சு இது?" அத்தையின் குரல் உயர்ந்தது. "நல்ல நாளும் அதுவுமா! என்ன குத்தம் கண்டுட்டீங்க இந்த ஊட்டுல?"

"புள்ளை கையில ரெண்டு கண்டேனுங்க. மிச்சத்த வக்கீலு பாப்பாங்க."

தினகரன் என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் குரல் உயர்ந்தால் வழக்கமாகத் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார். இன்று ரிமோட் கைக்கு எட்டவில்லை. எங்களுக்கு முன்னால் வெளியே போய் வண்டிக்கு எதிரே நின்றார்.

"போறதுன்னா போங்க. வண்டிய வெச்சுட்டுப் போங்க. சீராக் குடுத்தது எங்களுது."

"ஆர்.சி. புக்குல அவ பேருதானுங்க மாப்பிள்ளை இருக்குது" என்றார் அப்பா. பழக்கம். மாப்பிள்ளை என்றுதான் வாயில் வந்தது. இடதுபக்கம் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். தூக்குப்போசி அத்தை வீட்டு மேஜைமேலேயே தங்கிவிட்டது.

எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வெளியே வந்திருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாத சூடு. மணி 1.20. பதினெட்டு நிமிடம். சாவியைப் பாதி திருப்பினேன். பம்ப் முனகியது. தினகரன் பானெட்மேல் இரண்டு கையையும் ஊன்றி, சூடு பொறுக்காமல் எடுத்துக்கொண்டார். "ஸ்டார்ட் ஆகாது பாரு" என்று அத்தையிடம் சொன்னது கேட்டது.

முழுதும் திருப்பினேன். முள் துள்ளியது.

ரிவர்ஸ் எடுத்து, திருப்பி, தெருமுனை வந்தோம். பைபாஸ் ஏறினோம். க.பரமத்தி தாண்டியதும் அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அம்மா.

"விட்டுட்டுக் கிளம்பீட்டீங்களா? அவ அழுதாளா? ராத்திரிக்கு உங்களுக்குச் சோறா, தோசையா?"

"சோறே வை" என்றார் அப்பா. "மூணு பேருத்துக்கு வை."

போன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று அப்பா திரையைப் பார்த்தார். பிறகு அரிசிப் பானையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொரு டம்ளர் போடறேன்" என்றாள் அம்மா. "பாத்து ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."